தலைப்பிரசவத்தின் நேரக் கணக்கு

1890களில் ஒரு நாள் இரவு, திண்டிவனத்தில் மிஷனரி குடும்பம் ஒன்றின் கதவை மூன்று கணவன்மார் அடுத்தடுத்து வந்து தட்டினார்கள். மூவரின் மனைவிமாரும் வீட்டில் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் மருத்துவர் இருந்தார். ஆனால் அவர் ஆண். ஆண் கை படக் கூடாது, மகளை அனுப்புங்கள் என்று மூவரும் கேட்டார்கள். மகள் ஐடா ஸ்கடர் அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதன் பிறகுதான் ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்தார். திரும்பி வந்து 1900இல் வேலூரில் அவர் தொடங்கிய சிறு மருந்தகமே கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

நம் பாட்டிமார்களின் பாட்டிமார்களுக்குத் தலைப்பிரசவம் என்பது செத்துப் பிழைக்கும் காரியமாகவே இருந்தது. இன்றைய நிலையை அதனோடு ஒப்பிட முடியாது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018-20க்கான மாதிரிப் பதிவுக் கணக்கில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். இந்தியச் சராசரி 97. கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், 108 ஆம்புலன்ஸ், கர்ப்பத்தைப் பதிவுசெய்யும் பிக்மி எண், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி என்று பல்லாண்டுகளாக அடுக்கடுக்காகக் கட்டியெழுப்பிய அமைப்பின் பலன் இது. இதைக் குறைத்துச் சொல்பவர்கள் பழைய காலத்தை அறியாதவர்கள்.

ஆனாலும் தாயும் பிள்ளையும் பிழைத்தார்களா என்ற கேள்விக்கு அப்பால் ஒரு கேள்வி இருக்கிறது. முதல் பிள்ளையைப் பெறுகிற பெண்ணுக்கு, தேவையான நேரத்தை நாம் கொடுக்கிறோமா? ஆய்வுகளையும் நடைமுறையையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் விடை இதுதான்: வலியிலும் பால் ஊறுவதிலும் பொறுத்திருக்க வேண்டிய இடத்தில் அவசரப்படுகிறோம், இரத்தப்போக்கு, சோர்ந்த குழந்தை, உடைந்த மனம் என்று விரைய வேண்டிய இடத்தில் தாமதிக்கிறோம்.

அவசரம் தேதியிலிருந்தே தொடங்குகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டி மருத்துவர் எழுதித் தரும் தேதியைக் குடும்பம் முகூர்த்த நாளைப் போலப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து இருந்தால் அதிகம். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம் வரை பிறப்பது எல்லாமே மாதம் நிறைந்த பிறப்புதான். தலைச்சன் பிள்ளை தேதியைத் தாண்டுவது சாதாரணம். வேறு சிக்கல் இல்லாதவர்களுக்கு 41 வாரம் முடிந்த பிறகு வலி வரவைக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நடப்பில், தேதிக்கு மறுநாளே 'தேதி தாண்டிடுச்சு, இன்னும் வலி வரலையா?' என்று அலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். தாய்வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த ஒவ்வொரு அழைப்பும் தன் உடம்பின் மேல் ஒரு சந்தேகமாக வந்து விழுகிறது.

வலி வந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் கடந்த சில பத்தாண்டுகளில் மருத்துவம் தன் கருத்தை அதிகம் மாற்றிக்கொண்டிருக்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் இமானுவேல் ஃபிரீட்மன் 1955இல் தலைப்பிரசவப் பெண்கள் 500 பேரின் பிரசவத்தைக் கவனித்து, கருப்பை வாய் எத்தனை மணி நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் திறக்கிறது என்று ஒரு வளைகோடு வரைந்தார். அதையொட்டி மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற விதி உலகமெங்கும் பிரசவ அறைகளில் குடியேறியது. விதிக்குப் பின்தங்கினால் ஊசி, அதற்கும் அசையாவிட்டால் கத்தி. 2010இல் அமெரிக்காவின் 19 மருத்துவமனைகளில் 62,415 பிரசவங்களின் பதிவுகளை ஜுன் ஜாங் குழு அலசியபோது வேறொரு சித்திரம் கிடைத்தது. முடிவில் சுகமாகவே பெற்றெடுத்த பெண்களில் சிலருக்கு நான்கு சென்டிமீட்டரிலிருந்து ஐந்துக்குப் போகவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆறு சென்டிமீட்டருக்குப் பிறகுதான் வேகம் பிடிக்கிறது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விதியைக் கைவிட்டது. முழுவீச்சான வலி ஐந்து சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது என்றும், தலைப்பிரசவத்தில் அது 12 மணி நேரம் வரை நீளலாம் என்றும், அதன் பிறகு முக்கும் கட்டத்துக்கு மூன்று மணி நேரம் வரை ஆகலாம் என்றும் சொன்னது. தாயின் நாடியும் குழந்தையின் இதயத் துடிப்பும் சீராக இருக்கும் வரை கடிகாரத்தை மட்டும் பார்த்துக் கத்தியை எடுக்க வேண்டாம் என்பதே இதன் சாரம்.

தலைப்பிரசவம் ஏன் இவ்வளவு மெதுவானது? கருப்பை வாய் முதன்முறையாக மெலிந்து, பிறகு திறக்க வேண்டும். இரண்டாம் பிள்ளைக்கு இவ்விரண்டும் ஒரே வீச்சில் நடந்துவிடும். முதல் பிள்ளைக்கு ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். குழந்தையின் தலை இடுப்பெலும்பின் வளைவுக்கேற்பத் திரும்பித் திரும்பி இறங்க வேண்டும். இதற்கு நடப்பதும், நிமிர்ந்து உட்காருவதும், பக்கவாட்டில் படுப்பதும் துணை செய்கின்றன. மல்லாந்து படுக்கவைப்பது பிரசவம் பார்ப்பவருக்கு வசதி, பெறுபவருக்கு அல்ல.

இந்த நீண்ட நேரத்தில் பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள மருந்து ஒன்று உண்டு: பக்கத்தில் ஒரு ஆள். 26 ஆய்வுகளில் பங்கேற்ற 15,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு 2017இல் வெளியான காக்ரேன் தொகுப்பு, பிரசவம் முழுதும் துணைக்கு ஒருவர் கூடவே இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடுகிறது, வலி நேரம் குறைகிறது, அறுவை குறைகிறது என்று காட்டியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாகப் பெண் உறவினர் ஒருவரை அனுமதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. நெரிசலான அறைகளில் அது காகிதத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. அம்மாவோ அத்தையோ முதுகைத் தடவிக்கொண்டு நின்றால் அந்த அறையின் பேச்சே மாறிவிடுகிறது. தனியாக இருக்கும் பெண்ணிடம் சிலர் பேசும் பேச்சை அம்மா கேட்கும்போது யாரும் பேசுவதில்லை. பிரசவ அறை வசைகளைக் கேட்டுவிட்டு வந்த பெண்கள் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். பல பத்தாண்டு கழித்தும் அவர்கள் அதை மறப்பதில்லை.

மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990களில் தமிழ்நாட்டில் தங்கி ஏழைப் பெண்களின் பிரசவ அனுபவங்களை ஆராய்ந்து, 2003இல் ஒரு நூல் வெளியிட்டார். வலி குறைக்கும் மருந்து இல்லாமல், வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் ஊசியை மட்டும் பெண்களே கேட்டு வாங்கிக்கொண்டதை அவர் பதிவுசெய்கிறார். வலி கூடினால் சக்தி கூடும், சீக்கிரம் முடிந்துவிடும் என்ற எண்ணம் ஒரு பக்கம். கட்டில் காலியாக வேண்டும் என்ற மருத்துவமனையின் நெருக்கடி மறுபக்கம். அந்த 'வலி ஊசி' தேவையான இடத்தில் அருமருந்து. அளவும் கண்காணிப்பும் தவறினால் கருப்பை ஓய்வில்லாமல் இறுகி, குழந்தைக்குப் போகும் இரத்தம் குறைந்து, இதயத் துடிப்பு சரிந்து, அறுவையில் போய் முடியும். அவசரம் அவசரத்தைப் பெறும் சங்கிலி இது.

அறுவைக்கு வருவோம். ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். நான்காவது ஆய்வில் இது 34.1ஆக இருந்தது. தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. மாநிலங்களில் தெலங்கானாவுக்கு அடுத்த இடம் நமக்கு. இந்தியச் சராசரி 21.5. ஒரு மக்கள்தொகையில் சிசேரியன் விழுக்காடு 10ஐத் தாண்டிய பிறகு தாய் சேய் இறப்பு அதனால் குறைவதாகத் தெரியவில்லை என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பத்தாகவே நிறுத்துங்கள் என்பது அதன் பொருளல்ல, தேவைப்படும் எந்தப் பெண்ணுக்கும் மறுக்கக் கூடாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக் கிடக்கையில், குழந்தை குறுக்கே கிடக்கையில், துடிப்பு விழுகையில் அந்தக் கத்திதான் தெய்வம். திண்டிவனத்தில் இறந்த மூவரில் எவரையேனும் அது காப்பாற்றியிருக்கக்கூடும்.

ஆனால் இரண்டில் ஒரு பெண்ணுக்கு அது தேவை என்று நம்புவதற்கு இடமில்லை. 'கொடி சுத்தியிருக்கு' என்ற ஒரு சொல்லே குடும்பத்தைக் கையெழுத்துப் போட வைத்துவிடுகிறது. கழுத்தில் கொடி சுற்றிய நிலையில் நான்கில் ஒரு குழந்தை பிறக்கிறது. பெரும்பாலும் ஒரு விரலால் அதைத் தளர்த்திவிடலாம். ஜோசியர் குறித்துத் தந்த நட்சத்திரம், வலியைப் பற்றிய பயம், இரவுப் பணிக்கு மயக்க மருத்துவர் இல்லாமை, ஏதாவது நடந்துவிட்டால் மருத்துவமனையை உடைத்துவிடுவார்களோ என்ற மருத்துவரின் அச்சம், அறுவைக்கும் சுகப்பிரசவத்துக்கும் இடையேயான கட்டண வித்தியாசம் எல்லாம் சேர்ந்துதான் இந்த எண். ஒருவர் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது. 14 மணி நேரம் ஒரு பெண்ணின் அருகில் இருந்து பிரசவம் பார்க்கும் மருத்துவரின் உழைப்புக்கு நம் கட்டண முறை விலையே வைக்கவில்லை என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

தலைப்பிரசவத்தில் இது ஏன் குறிப்பாக முக்கியம் என்றால், முதல் அறுவை அடுத்த பிரசவங்களின் விதியை எழுதிவிடுகிறது. ஒரு முறை கீறிய கருப்பைக்கு மறுமுறையும் பெரும்பாலும் கத்திதான். ஒவ்வொரு தழும்போடும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அந்தத் தழும்பில் வேரூன்றிப் பிரியாமல் போகும் ஆபத்து ஏறுகிறது. சிசேரியன் கணக்கை ஒப்பிடுவதற்காகப் பிரசவிக்கும் பெண்களைப் பத்துப் பிரிவுகளாகப் பிரித்து மருத்துவர் மைக்கேல் ராப்சன் 2001இல் வகுத்த முறையை எல்லா மருத்துவமனைகளும் பின்பற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதில் முதல் பிரிவே தலைப்பிள்ளை, மாதம் நிறைந்தது, தலை கீழே, தானாக வலி வந்தவர்கள். அந்தப் பிரிவில் எத்தனை பேருக்கு அறுவை நடக்கிறது என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் வாசல் பலகையில் எழுதிப் போட்டால், தேர்வு செய்யும் குடும்பங்களுக்கு எந்த விளம்பரத்தையும்விட அது உதவும்.

குழந்தை வெளியே வந்ததும் அடுத்த அவசரம் தொடங்குகிறது. தொப்புள்கொடியை உடனே வெட்டுவதைவிட ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால், நஞ்சுக்கொடியில் மிச்சமிருக்கும் இரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. பின்னாளில் இரும்புச்சத்துக் குறைவு வராமல் அது காக்கிறது. கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரத்தசோகையோடு இருக்கும் மாநிலத்தில் இந்த ஒரு நிமிடம் சிறியதல்ல. துடைத்த குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் போட்டால் அதன் உடற்சூடு நிலைக்கிறது, மூச்சு சீராகிறது, அது தானாகவே காம்பைத் தேடுகிறது. குளிப்பாட்டுவது 24 மணி நேரம் காத்திருக்கலாம். நடப்பில், எடை போட, பொட்டலமாகச் சுற்ற, வெளியே காத்திருக்கும் உறவுகளுக்குக் காட்ட என்று குழந்தை கைமாறிக் கைமாறிப் போய்விட்டு வருவதற்குள் அந்த முதல் மணி நேரம் தீர்ந்துவிடுகிறது.

இதற்கு எண்ணே சாட்சி. மருத்துவமனைப் பிரசவம் 99.6 விழுக்காடு இருக்கும் தமிழ்நாட்டில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் 60.2 விழுக்காடுதான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் 55.1 விழுக்காடு. இந்தியச் சராசரியே 63.7. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், சீம்பாலைப் பற்றி நம்மைப் போலவே பழைய தயக்கங்கள் இருந்த இலங்கையில், 2016 ஆய்வின்படி பத்தில் ஒன்பது குழந்தைகள் முதல் மணி நேரத்தில் பால் குடிக்கின்றன; ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது 82 விழுக்காடு. அங்கே ஊரார் 'மிட்வைஃப்' என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து, குழந்தை காம்பைப் பிடிக்கும் விதத்தைத் தன் கையால் திருத்திவிட்டுப் போகிறார். கட்டடத்துக்குள் பிரசவத்தைக் கொண்டுவந்த நாம், அந்தக் கையை இன்னும் போதிய அளவு கொண்டுவரவில்லை.

பால் விஷயத்தில் முதல் மூன்று நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அதனால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் சரிகிறது. அந்தச் சரிவுக்குப் பிறகு இரண்டு முதல் நான்கு நாளில் மார்பு கனத்துப் பால் பெருகுகிறது. தலைப்பிள்ளைக்கும் அறுவைப் பிரசவத்துக்கும் இது சற்றுத் தாமதமாகும். அதுவரை ஊறுவது சீம்பால், ஒரு தடவைக்கு ஓரிரு தேக்கரண்டி. பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அவ்வளவு போதும். நோய் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்த முதல் பாதுகாப்பு அதுதான். ஆனால் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் பார்ப்பது மஞ்சளான நாலு சொட்டையும் அழுகிற பிள்ளையையும்தான். 'பால் பத்தல' என்ற தீர்ப்பு இரண்டாம் நாள் இரவில் வந்துவிடுகிறது. கடைக்குப் போய் மாவு டப்பா வாங்கி வருகிறார்கள். பாட்டில் பால் குடித்த குழந்தை நீண்ட நேரம் தூங்குகிறது, மார்பைச் சப்புவது குறைகிறது. சப்பினால்தான் சுரக்கும் என்பதால் சுரப்பும் குறைகிறது. ஒரு வாரத்தில் அந்தத் தீர்ப்பு உண்மையாகவே ஆகிவிடுகிறது.

போதுமா போதாதா என்பதை அறிய நம்பகமான அளவுகோல்கள் இருக்கின்றன. பிறந்த எடையில் பத்து விழுக்காடு வரை முதல் சில நாளில் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிட வேண்டும். முதலிரண்டு நாள் கறுப்பாகப் போகும் காட்டுப்பீ, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாற வேண்டும். ஐந்தாறு நாளானதும் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அழும் குழந்தைக்குப் பசி தீரவில்லை என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை, அதன் இயல்பே அது. இவை சரியாக இல்லாவிட்டால் காத்திருக்கவும் கூடாது. அப்போது பிழிந்த தாய்ப்பாலோ, தேவையானால் மாவுப்பாலோ கொடுப்பதில் எந்தத் தாயும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. தாய்ப்பாலின் பெருமையைப் பேசுகிறவர்களில் சிலர், பால் ஊறாத பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். அது பாட்டிலை விற்பவன் செய்யும் கெடுதலுக்குக் குறைந்ததல்ல.

வீட்டில் முதன்முறையாகக் குழந்தை பார்க்கும் பெற்றோரைக் கலங்கடிக்கும் பல சங்கதிகள் உண்மையில் ஒன்றுமில்லாதவை. தும்மல், விக்கல், மூக்கின் மேல் வெண்புள்ளி, மூன்றாம் நாள் உடம்பெங்கும் செந்தடிப்பு, முதுகில் நீலத் திட்டு, ஆண் பெண் இரு குழந்தைகளுக்கும் மார்பு வீக்கம், பெண் குழந்தைக்குச் சில துளி இரத்தம் போவது. தாயின் ஹார்மோன் இன்னும் அதன் உடம்பில் ஓடுவதால் வருபவை கடைசி இரண்டும். வீங்கிய மார்பைப் பிசைந்து 'பால் எடுப்பது' பழுத்துச் சீழ்பிடிப்பதில்தான் கொண்டுவிடும்.

மஞ்சள் காமாலையில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. மாதம் நிறைந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று நாளில் மஞ்சள் தட்டி, ஓரிரு வாரத்தில் மறையும். 1950களின் நடுவில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் செவிலியர் ஜீன் வார்டு, குழந்தைகளை வெயிலில் கிடத்துவது வழக்கமாக இருந்தபோது, வெளிச்சம் பட்ட தோல் மட்டும் வெளுத்திருப்பதைக் கண்டு மருத்துவர்களுக்குக் காட்டினார். இன்று எல்லா மருத்துவமனைகளிலும் இருக்கும் நீல விளக்குச் சிகிச்சைக்கு அதுவே வித்து. ஆனால் அதைக் காரணம் காட்டி, பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்த குழந்தையையும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவிய குழந்தையையும் காலை வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டில் வைத்திருப்பது பெருந்தவறு. மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் கூடிப்போய் மூளையில் படிந்துவிட்டால் அந்தப் பாதிப்பைச் சரிசெய்ய முடியாது. இங்கே நாள் கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் விரைய வேண்டும்.

விரைய வேண்டியவை இன்னும் உண்டு. பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சுக்கூடு உள்ளிழுப்பது, வலிப்பு, காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போவது. உலகில் ஐந்து வயதுக்குள் நேரும் சாவுகளில் ஏறத்தாழப் பாதி முதல் 28 நாளில் நேர்வது. 2022இல் மட்டும் 23 லட்சம் பச்சிளம் குழந்தைகள். 'உரம் விழுந்திருக்கு' என்று தலைகீழாகத் தூக்கித் தட்டுவதிலும், குடலேற்றம் என்று வயிற்றைத் தடவுவதிலும் போகும் அரை நாள்தான் பல நேரம் உயிரைக் கொண்டுபோகிறது. எடை குறைந்த பிள்ளைக்கு நம் கைவசம் இருக்கும் எளிய வழி, தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டி வைத்திருப்பது. இன்குபேட்டர் போதாமல் தவித்த கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில் எட்கர் ரே சனாப்ரியா 1970களின் இறுதியில் தொடங்கியது அது. குழந்தையின் நிலை தேறக் காத்திராமல் பிறந்தவுடனே தொடங்கினால், ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளின் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021இல் காட்டியது. அத்தையோ அப்பாவோ கூடக் குழந்தையை இப்படி மார்போடு கட்டிக்கொள்ளலாம்.

தாய்க்கும் விரைய வேண்டிய நேரம் உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வருகிறது. போகும் இரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடும்போது எவ்வளவு தேர்ந்த கண்ணும் குறைத்தே மதிப்பிடுகிறது. நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் இரத்தத்தை ஏந்தி அளந்து, அளவு தாண்டியதும் எல்லாச் சிகிச்சைகளையும் ஒரே மூச்சில் தொடங்கியபோது கடுமையான விளைவுகள் 60 விழுக்காடு குறைந்தன. வீடு திரும்பிய பிறகு கடும் தலைவலி, கண் மங்கல், காய்ச்சல், நாற்றமான போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று ஒதுக்க வேண்டியவை அல்ல. இரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பிறகும் ஏறக்கூடும்.

பச்சை உடம்பு என்றதும் பத்தியத்துக்கு வர வேண்டும். இதை மொத்தமாகப் புகழ்பவர்களோடும் மொத்தமாக இகழ்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, நாட்டுக்கோழிச் சாறு, முருங்கைக்கீரை, யாழ்ப்பாணத்துச் சரக்குக்கறி எல்லாம் புரதமும் இரும்பும் சேர்ந்த நல்ல சோறு. பூண்டும் வெந்தயமும் பாலைப் பெருக்கும் என்பதற்குத் திடமான சான்று குறைவு. ஆனால் ஒரு பெண்ணுக்கென்று தனியாகச் சமைத்துச் சூடாகக் கொண்டுவந்து வைப்பதன் பலனை எந்த ஆய்வுக்கூடத்தில் அளப்பது? தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு, மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துப் புகுந்த வீடு என்ற ஏற்பாடே இந்த மரபின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு என்பேன். வேலை செய்யாமல் இருக்கவும், தூங்கவும், அம்மாவிடம் முகம் சுளிக்கவும் அது உரிமை கொடுத்தது.

கெடுதலானவை வேறு. வயிறு வைத்துவிடும் என்று தண்ணீரைக் குறைப்பது மலச்சிக்கலையும் சிறுநீர்த் தொற்றையும் இரத்த உறைவு ஆபத்தையும் கூட்டும். பால் கொடுப்பவளுக்குத் தாகம் மற்றவர்களைவிட அதிகம். பிறந்த குழந்தைக்குச் சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், சுட்ட வசம்பு, உரைமருந்து என எதுவும் வேண்டாம். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினால் அது நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சலாக முடியலாம். தொப்புளில் எதையும் பூசாமல் உலர விட்டால் அது தானே விழும். கடையில் வாங்கும் கண்மையில் ஈயம் இருக்கக்கூடும். திருஷ்டிப் பொட்டை வேண்டுமானால் உள்ளங்காலில் வைக்கலாம். எண்ணெய் தேய்த்துக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் கலையை மட்டும் மென்மையான கையோடு வைத்துக்கொள்ளலாம்.

நாம் கடைசியாகக் கவனிப்பது அந்தப் பெண்ணின் மனத்தை. மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு நேர்வது, இரண்டு வாரத்துக்குள் தானே விலகும். விலகாமல் தங்குவது நோய். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அவர்களைச் சந்தித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். காரணங்களாக அது கண்டவை: குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்திருக்க மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், பிரசவத்துக்குப் பிறகு கைவேலைக்கு உதவி இல்லாமை. இதில் மருந்துக்கடையில் தீரக்கூடியது எதுவுமில்லை. தாய்வீடு என்ற ஏற்பாடு இருக்கும் மண்ணிலேயே இந்த நிலை என்றால், அந்த வீட்டுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்டாக வேண்டும். எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். குழந்தை அழுதால் எழுப்பப்படுவதற்காக மட்டும் அவள் நினைக்கப்படுகிறாள்.

ஒழுங்கமைந்த துறைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2017 சட்டத் திருத்தத்தால் 26 வாரச் சம்பள விடுப்பு கிடைத்தது. வயலிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கு நிதியுதவித் தவணைகள்தான். மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத் தகப்பனுக்கு அப்படிச் சட்ட உரிமை ஏதுமில்லை. தலைப்பிரசவத்துக்கு மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகும் தகப்பன், அந்த நாள்களின் களைப்பை அறியாமலே தகப்பனாகிறான்.

வீட்டுக்கு வந்து பச்சிளம் குழந்தையைப் பார்க்கும் திட்டத்தில், மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் ஆறு வருகைகள் உண்டு. பிறகு ஒன்றரை மாத ஊசிக்குத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாத் தாய்மார்களும் குழந்தையோடு சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். கணியம்பாடியில் மனச்சோர்வு தென்பட்ட காலமும் அந்த ஆறாவது வாரத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட மனச்சோர்வுப் பட்டியல் தமிழிலும் இருக்கிறது. கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் போதும். மேல்சிகிச்சைக்கு அனுப்ப மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. ஊசி போடும் மேசையில் குழந்தையின் எடையை எழுதிய பிறகு, அட்டையில் இன்னொரு கட்டம் போட்டு, அந்தப் பத்துக் கேள்விகளையும் தாயிடம் கேட்டு எழுத வேண்டும். மாமியாரைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.